பெயின்ட் கடைசியில்தான்: பழைய பைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, "எந்தப் பாகத்தை வாங்கி மாட்டுவது?" என்று முடிகின்றன. கோளாறு எங்கே என்று தெரியாமல் பாகம் வாங்க வேண்டாம். பழைய வண்டியில் நன்றாக இருந்த ஒரிஜினல் பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரம் குறைந்த புதியதை மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கிறது. அதனால் பதில்களில் சோதனைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பல வருடங்களாக ஓடாமல் நின்ற யெஸ்டி 250 கிடைத்திருக்கிறது. கிக்கர் அசையவே இல்லை. கியரில் போட்டுத் தள்ளினால் விட்டுவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

செய்யாதீர்கள். பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். வண்டியின் எடை முழுவதையும் அதன்மேல் இறக்கினால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையவும் வாய்ப்புண்டு. டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் கலவையும் புகையும் போகும் துளை (போர்ட்) இருப்பதால், உடைந்த ரிங் துண்டு அதில் மாட்டிச் சுவரையே கீறிவிடும்.

முதலில் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தெரிந்தால், துரு இளக்கும் எண்ணெயை பிளக் ஓட்டை வழியாக ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கான ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சரிபாதி கலந்தும் ஊற்றலாம். தினமும் கொஞ்சம் சேர்த்து, சில நாட்கள் ஊற விடுங்கள். அப்புறம் கிராங்க் முனையில் உள்ள போல்ட்டில் ஸ்பானர் வைத்து, இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் போதும், வேலை முடிந்த மாதிரிதான். அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி மறுபடி ஊற வைக்க வேண்டும். அசிட்டோன் ஊற்றிய எஞ்சினை ஹீட் கன்னால் சூடாக்கவே கூடாது. அது தீப்பற்றும்.

எஞ்சின் விட்டுவிட்டது என்பதற்காக உடனே கிக் அடித்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பொறுமை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுவரில் துரு இருந்தால் கிராங்க் பேரிங்கிலும் இருக்கும். சிலிண்டரைத் தூக்கி, சிலிண்டரின் உள்சுவர் (போர்), ரிங், பேரிங் மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பெட்ரோல்.

1970-களின் புல்லட் 350. காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் ஓடியதும் மிஸ்ஸிங், அப்புறம் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன். பயனில்லை.

பழைய வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. காரணங்கள் சிலதான், ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பார்த்தாக வேண்டும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்த பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பிளக் ஸ்பானர், ஒரு உபரி பிளக், ஸ்க்ரூ டிரைவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வண்டி நின்றதும் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டாங்க்கில் வெற்றிடம் கூடி, கார்புரேட்டருக்கு வரத்து நின்றுபோகிறது. செலவே இல்லாத கோளாறு.

அது இல்லையென்றால் ஸ்பார்க். உபரி பிளக்கை வயரில் மாட்டி, ஹெட்டில் தொட வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் ஓட்டையில் இருந்து தள்ளியே வையுங்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும். மஞ்சளாக, மெலிசாக ஸ்பார்க் வந்தால் கண்டன்சரையோ இக்னிஷன் காயிலையோ சந்தேகிக்கலாம். திறந்த வெளியில் ஏதோ ஸ்பார்க் தெரிகிறது என்று திருப்திப்பட வேண்டாம். சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் இருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் தேவை. வண்டி ஓடும்போது பிளாட்டினம் பாயின்ட்டில் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்ச்) பளிச்சென்று பெரிய பொறி தெரிந்தாலோ, பாயின்ட் முகம் கருகியிருந்தாலோ கண்டன்சர்தான் குற்றவாளி. சூடானதும் அதன் உள் இன்சுலேஷன் கசிகிறது, ஆறினால் மறுபடி பிடிக்கிறது. கண்டன்சரை மாற்றும்போதே பாயின்ட் முகத்தைச் சமன் செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள்.

ஸ்பார்க்கும் நன்றாக இருந்தால் கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். காலையில் இருந்த கம்ப்ரஷன் இப்போது இல்லையா? டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வைத் தள்ளும் பாகங்களுக்கு நடுவில் விடும் இடைவெளி, இறுக்கமாக இருக்கலாம். சூட்டில் வால்வின் தண்டு நீளும். இடைவெளி போதாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. இதைக் கவனிக்காமல் ஓட்டினால் வால்வும் அதன் சீட்டும் கருகும். எஞ்சின் முழுதாக ஆறியதும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது, புஷ்ராடு (வால்வைத் தள்ளும் நீளக் கம்பி) விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. அதுதான் சரியான அளவு.

யமஹா ஆர்எக்ஸ் 100-இல் ஐடிலிங் நிற்பதில்லை. ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். இறங்க நேரமாகிறது, சில சமயம் தானாகவே ஏறுகிறது. கார்புரேட்டரை மாற்றிவிடலாமா?

வேண்டாம். கேபிள் மாட்டிக்கொள்ளவில்லை, கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு தடையின்றி இறங்குகிறது என்று உறுதியானால், எஞ்சின் எங்கோ கள்ளக் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரில்தான் முதலில் வெடிப்பு விழும். ஐடிலிங்கில் ஓடும்போது அதைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான்.

ரப்பர் நன்றாக இருந்தால் மேக்னெட் பக்கக் கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ்தான் பம்ப். அந்த சீல் தேய்ந்தால் வெளிக்காற்று நேராக உள்ளே போகும். மேக்னெட்டுக்குப் பின்னால் எண்ணெய் ஈரம் படிந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. கிளட்ச் பக்க சீல் போனால் அறிகுறி வேறு: கியர் ஆயில் எரிந்து புகை கிளம்பும், கியர் பாக்ஸில் ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறையும்.

சரி செய்யும்வரை ஓட்டாதீர்கள். கள்ளக் காற்று சேர்ந்தால் கலவையில் பெட்ரோல் குறையும். சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீல் மாற்றி முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பம்பை மட்டும் நம்பாமல், முதல் சில லிட்டர் பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்துகொள்ளுங்கள். பம்ப் குழாயில் காற்றுக் குமிழ் இருந்தாலும் எஞ்சின் தப்பிக்கும்.

ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங் செய்து, புது வயரிங் போட்டோம். 6 வோல்ட் வண்டி. முன்பைவிட ஹெட்லைட் மங்கலாகிவிட்டது.

பவுடர் கோட்டிங்தான் காரணமாக இருக்கும். இந்த வண்டிகளில் மின்சாரம் ஃபிரேம் வழியாகத்தான் திரும்புகிறது. இப்போது ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் பிளாஸ்டிக் படலம் உட்கார்ந்திருக்கிறது. 6 வோல்ட்டில் இது கடுமையாகத் தெரியும்: 30 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும், வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 12 வோல்ட் வண்டியில் இதே வாட் பல்புக்குப் பாதி ஆம்பியர்தான் ஓடும்.

லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பல்பு ஹோல்டரின் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எஞ்சின் மவுன்ட், பேட்டரி எர்த் போல்ட் ஆகிய இடங்களில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொட வையுங்கள். ஹெட்லைட்டிலிருந்து பேட்டரிக்குத் தனி எர்த் வயர் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. பேட்டரியின் பாசிட்டிவ் முனை ஃபிரேமில் இணைந்த (பாசிட்டிவ் எர்த்) வண்டிகளும் உண்டு, எல்.இ.டி. பல்பு மாட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாங்க் உள்ளே முழுக்கத் துரு. ஆசிட் ஊற்றலாமா?

கடும் ஆசிட் வேண்டாம், துருவோடு தகட்டையும் தின்றுவிடும். பெட்ரோல் குழாயைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிடுங்கள். லிட்டருக்கு 100 கிராம் வீதம் சிட்ரிக் ஆசிட் கரைத்த சுடுநீரை விளிம்பு வரை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். வெளியே சிந்தினால் பெயின்ட் கெடும். கொட்டிய பிறகு சமையல் சோடா கரைசலால் அலசி, உடனே சூடான காற்றால் உலர்த்துங்கள். ஈரம் நின்றால் சில மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் மறுபடி துரு வரும். ஆகவே காய்ந்ததும் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றி வையுங்கள்.

மின்சாரம் செலுத்தித் துரு எடுப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைப் பயன்படுத்தவே கூடாது, நச்சுள்ள குரோமியம் தண்ணீரில் கரையும். பெட்ரோல் இருந்த டாங்க் எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும், ஆவி முழுதாக நீங்காமல் வெல்டிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெடித்து உயிரையே வாங்கும்.

எஞ்சின் பிரித்து எல்லா பேக்கிங்கும் புதிது போட்டும் புல்லட்டில் ஆயில் கசிவு.

பிரீதர் குழாயைப் பாருங்கள். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க் கேஸில் கூடும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் எந்த பேக்கிங்கும் தாங்காது. வாரக்கணக்கில் நின்ற பிறகு மட்டும் கசிவும் புகையும் வந்தால், ஆயில் மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கித் தேங்கியிருக்கிறது. வடிகால் போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சிலிகான் பேஸ்ட்டை அப்பாதீர்கள். உள்ளே பிதுங்கும் துணுக்குகள் ஆயில் வழியை அடைக்கும்.

ஒரிஜினல் பெயின்ட் மங்கிவிட்டது, ஆனால் உரியவில்லை. புதிதாக அடிப்பதா, விடுவதா?

விட்டுவிடுங்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டும் கையால் இழுத்த கோடுகளும் ஒருமுறை போனால் திரும்ப வராது. மென்மையான பாலிஷும் மெழுகும் போதும். அடித்தே ஆக வேண்டிய நிலை என்றாலும், எஞ்சினும் பிரேக்கும் வயரிங்கும் முடிந்து, வண்டி சில வாரங்கள் ஓடிய பிறகு அடியுங்கள். ஃபிரேம், எஞ்சின் எண்கள் மேல் உப்புத்தாளோ தடித்த பெயின்ட்டோ படவே கூடாது.

பழைய பிரேக் டிரம்மைத் திறந்தால் ஒரே தூசி. காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. பழைய பிரேக் ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். டயரையும் கையோடு பாருங்கள்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. எண்ணே இல்லாத, அல்லது மூன்றே இலக்கம் உள்ள டயர் 2000-க்கு முந்தையதாக இருக்கும். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் ஓட்ட வேண்டாம்.