வன்னியில் காணி வாங்குமுன் வெள்ள ஆபத்தை எப்படிக் கணிப்பது?

கிளிநொச்சிப் பக்கம் காணி வாங்குமுன் வெள்ள ஆபத்தை எப்படி அறிவது என்று கேட்டிருந்தீர்கள். கோடையில் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வன்னியில் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரைதான். மேலே எந்தக் குளம் இருக்கிறது, அது நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று முதலில் பாருங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் (மிகைநீரை வெளியேற்றும் கதவுகள்) திறந்தால் கனகராயன் ஆற்றோரத் தாழ்நிலங்களுக்குத்தான் கஷ்டம். 2018 டிசெம்பரில் வெள்ளம் எதுவரை வந்தது என்று அயலில் விசாரியுங்கள், பழைய சுவர்களில் சேற்றுக்கோடு இன்னும் தெரியலாம். முல்லைத்தீவுக் கரையென்றால் 2004 சுனாமியையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அப்புறம் மாடு வளர்ப்பீர்களா? 2022 டிசெம்பர் குளிர்காற்றிலும் மழையிலும் வெட்டவெளியில் நின்ற மாடுகள் நிறையச் செத்தன, ஆகவே பட்டிக்கு மேட்டுநிலமும் காற்று மறைப்பும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.