இரண்டு மணி நேரத் தூக்கத்தில் குரூப் டூ பாஸ் பண்ண முடியுமா?

கேள்வி: பகலில் கடை வேலை, இரவில் குரூப் டூ படிப்பு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் தூங்கினால் போதும் என்று சொன்ன ஓர் ஆன்லைன் வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பத்து நாளாகத் தலை பாரம், படித்தது எதுவும் நிற்கவில்லை. 'பழகும்வரை அப்படித்தான்' என்கிறார்கள். தொடரலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் தம்பி, இன்றிரவே நிறுத்துங்கள்.

'ஊபர்மேன்' என்ற பெயரில் ஓடுகிற அட்டவணை இது. ஆறு தூக்கம், மொத்தம் 2 மணி நேரம். தூக்கத்தில் ஒரு சுற்று முடியவே சுமார் 90 நிமிடம் ஆகும். ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியில் அதிகம், கனவுத் தூக்கம் விடியலை ஒட்டி நீளும். படித்தது மனதில் பதிய இரண்டும் வேண்டும். இருபதாவது நிமிடம் அலாரம் அடித்தால், பந்தியில் இலை போட்டதும் எழுப்பிவிட்ட கதைதான். 2021-ல் அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளையின் நிபுணர் குழுவும் ஆய்வுகளை அலசிவிட்டு இந்த முறை வேண்டாம் என்றே சொன்னது.

'பழகும்' என்பதுதான் பெரிய ஏமாற்று. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிலரை 14 நாள், இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். முழு இரவு விழித்தவர்களைப் போல அவர்களுடைய கவனம் சரிந்தது. ஆனால் அவர்களைக் கேட்டால், தூக்கக் கலக்கம் கொஞ்சம்தான் என்றார்கள். மந்தம் பழகிவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த வகுப்புக்காரர்களின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். ஒருநாள் அசந்து தூங்கிவிட்டால் 'மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பி' என்பார்கள். தோற்பது எப்போதும் நீங்கள்தான், அவர்களின் முறை தோற்காது! ஓவியர் டாவின்சியும் இப்படித்தான் தூங்கினார் என்று அவர்கள் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. அடுத்து 'மொடாஃபினில் போடு' என்பார்கள். தூக்கத்தை விரட்டும் மாத்திரை அது, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. எத்தனை கடையில் சீட்டுக் கேட்கிறார்கள்? யார் போய்ச் சோதிக்கிறார்கள்? நாலு மணி நேரம் தூங்கி ஜெயித்ததாக பேனர் வைக்கும் கோச்சிங் சென்டர்களையும் கேட்க ஆளில்லை.

ஒரே ஒரு விலக்கு, இரவுப் பணி செய்பவர்கள். நர்ஸ், போலீஸ், கம்பெனி ஷிப்ட் ஆட்கள் தூக்கத்தைப் பிரித்துக்கொள்ளலாம். காலையில் வந்ததும் ஜன்னலை இருட்டாக்கி ஐந்து மணி நேரம், பணிக்குக் கிளம்பும் முன் இரண்டு மணி நேரம். பணிக்கு நடுவே 20 நிமிடம் கண்ணயர இடம் கொடுத்தால் நல்லது, ஆனால் எழுந்ததும் ஊசி போடுவது போன்ற வேலையைத் தொடாமல், கலக்கம் தெளியக் கால் மணி நேரம் போகட்டும். கவனியுங்கள், இவர்கள் பிரிக்கிறார்கள், குறைக்கவில்லை. கூட்டினால் 7 மணி நேரம் வந்தாக வேண்டும். இதைக் காட்டி 'டாக்டரே பிரித்துத் தூங்கச் சொன்னார்' என்று கிளம்பிவிடாதீர்கள்.

உங்களுக்கு இரவு 11 முதல் காலை 6 வரை தூக்கம், காலையில் எழுந்து படிப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் கண்ணயரலாம், அதை ராத்திரிக் கணக்கில் கழிக்காதீர்கள். மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். நாலைந்து நாள் நன்றாகத் தூங்கும்வரை பைக்கைத் தொடாமல் பஸ்ஸில் போங்கள். அப்புறம் அந்தப் பணம். ரசீதும், வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதியும் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.