கேளுங்கள், சொல்கிறோம்

கே: எரிக் கார்லின் சிறுவர் புத்தகப் படங்கள் வரைந்தவை அல்ல என்கிறார்களே? வீட்டில் செய்து பார்க்கலாமா?
– வாசகி, கரூர்

ப: ஆமாம், எல்லாம் ஒட்டுப்படங்கள். அமெரிக்கரான கார்ல் (1929–2021) முதலில் கடையில் விற்ற வண்ண டிஷ்யூ தாளைத்தான் (பரிசுப்பொருள் சுற்றும் மெல்லிய தாள்) பயன்படுத்தினார். நிறம் வெளுத்துப்போனது. பிறகு வெள்ளை டிஷ்யூ தாளில் தாமே அக்ரிலிக் வண்ணம் பூசி, காயவைத்து, நிறவாரியாக இழுப்பறைகளில் சேர்த்துக்கொண்டார். வேண்டிய வடிவத்தை வெட்டி, சுவர்த்தாள் பசையால் அட்டையில் ஒட்டுவார்.

தாராளமாகச் செய்யலாம். செய்தித்தாள்மேல் வைத்துப் பூசாதீர்கள். காய்ந்ததும் பிரிக்க வராது. பாலிதீன் விரிப்பே நல்லது. மைதாப் பசை போதும். ஆனால் நீர்த்திருந்தால் தாள் சுருங்கிக் கிழியும். மெலிதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். கார்லின் ‘The Very Hungry Caterpillar’ புத்தகத்தில் வரும் பச்சைப் புழுவைச் செய்வதானால், ஒரே பச்சை சப்பென்றிருக்கும். நாலைந்து பச்சைகளைக் கலந்தால்தான் களைகட்டும். மீசை, முடியெல்லாம் கடைசியில் க்ரேயானால்.