டிரிக்கர் வாங்குவதற்கு முன் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள்

கேள்வி: போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறேன். போன் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஃபயர் பட்டனை அழுத்தினால் சில நேரம் சுடுவதே இல்லை. ஸ்கோப் போட்டுச் சுட்டால் குறி மேலே மேலே ஓடுகிறது. நண்பர்கள் ரிச்சி தெருவுக்குப் போய் போன் ஓரத்தில் மாட்டிச் சுட உதவும் டிரிக்கரும் கூலிங் ஃபேனும் வாங்கச் சொல்கிறார்கள். இணையத்தில் ஒருவர் 199 ரூபாய்க்கு 'ப்ரோ பிளேயர் சென்சிட்டிவிட்டி' தருகிறாராம். எதை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம், தம்பி. இரண்டு கோளாறுகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பட்டன் வேலை செய்யாதது திரையின் சிக்கல். குறி மேலே ஓடுவது சென்சிட்டிவிட்டியின், அதாவது விரலை இழுத்தால் காட்சி எவ்வளவு நகர வேண்டும் என்ற அமைப்பின், சிக்கல். பணம் செலவழிக்காமலே இரண்டையும் சோதித்துவிடலாம்.

முதலில் திரை. என் அக்கா மகனுக்கும் இதே தொல்லை இருந்தது. வலது ஓரத்தில் வைத்திருந்த ஃபயர் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை சுடும். புதுப் போன் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். போனை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். டெம்பர்ட் கிளாஸ் ஓரத்தில் சரியாக ஒட்டாமல், தலைமுடி அளவுக்கு வெள்ளைக் கோடாகத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே தூசி. சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் அவனுடைய பட்டன். நகத்தால் நெம்பி உரித்துவிட்டு வெறும் திரையில் ஆடச் சொன்னேன். ஒரு தொடுகைகூடத் தவறவில்லை. நீங்களும் முதலில் கிளாஸை எடுத்துவிட்டு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

கிளாஸில் குறை இல்லையென்றால் இதைச் செய்யுங்கள். போன் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'பாயின்டர் லொகேஷன்' என்பதை ஆன் செய்துவிட்டு, திரை முழுவதும் மூலைக்கு மூலை விரலை மெதுவாக இழுங்கள். விரல் போன வழியே கோடு விழும். ஒரே இடத்தில் கோடு திரும்பத் திரும்ப அறுந்தால் அங்கே டிஸ்பிளே சரியில்லை. உடைந்த டிஸ்பிளேவை எப்போதாவது மாற்றியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மலிவான காப்பி டிஸ்பிளேக்களில் தொடுதிரை பழையபடி இருப்பதில்லை.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. மூன்று விரலால் இழுத்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் வசதி பல போன்களில் இருக்கிறது. மூன்று, நான்கு விரல் வைத்து கிளா முறையில் ஆடுபவருக்கு இதுதான் பெரிய எதிரி. சண்டை உச்சத்தில் இருக்கும்போது போன் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கப் பார்க்கும், தொடுகை அந்தரத்தில் நிற்கும். அதை ஆஃப் செய்துவிடுங்கள். கேம் மோடில் ஓரத் தொடுகையைத் தடுக்கும் அமைப்பு இருந்தால் அதையும் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது குறி. ட்ரெய்னிங் கிரவுண்டுக்குப் போய் ஒரு சுவர் முன்னால் நில்லுங்கள். ரெட் டாட் ஸ்கோப் போட்டு, விரலைக் கீழே இழுத்தபடி ஒரு மேகசின் முழுக்கச் சுடுங்கள். பிறகு சுவரில் உள்ள ஓட்டைகளைப் பாருங்கள். எவ்வளவு இழுத்தும் ஓட்டைகள் மேலே ஏறிப் போயிருந்தால் ஏடிஎஸ் சென்சிட்டிவிட்டியை 5 சதவீதம் கூட்டுங்கள். தரையை நோக்கி இறங்கியிருந்தால் குறையுங்கள். கேமரா சென்சிட்டிவிட்டி சுடாமல் சுற்றிப் பார்ப்பதற்கு, ஏடிஎஸ் சுடும்போது குறியை நகர்த்துவதற்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் திருகுவதால்தான் பலருக்குக் கை பழகுவதே இல்லை. ரெட் டாட் சரியான பிறகு 3எக்ஸ், 4எக்ஸ், 6எக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். ஸ்கோப் பெரிதாக ஆக எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கேமராவுக்கு ஒரு சோதனை போதும். வலது கட்டைவிரலைத் திரையின் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே இழுப்பாக இழுங்கள். உங்கள் ஆள் அப்படியே பின்பக்கம் திரும்பி நின்றால் சரி. தாண்டிப் போனால் குறையுங்கள், பாதியில் நின்றால் கூட்டுங்கள். ஒரு தடவை மாற்றினால் மூன்று நாளாவது அதிலேயே ஆடுங்கள். தோற்ற கோபத்தில் தினமும் எண்ணை மாற்றினால் விரலுக்கு நினைவே தங்காது. கால் ஆஃப் டியூட்டி மொபைலும் ஆடுவீர்கள் என்றால் அதில் ரொட்டேஷன் மோடை 'ஃபிக்ஸ்டு' என்று வையுங்கள். ஆக்சலரேஷன் முறைகளில் இழுக்கிற விதத்தைப் பொறுத்துத் திருப்பம் மாறும், கை பழக நாளாகும்.

அந்த 199 ரூபாய் சமாச்சாரத்துக்கு வருகிறேன். சென்சிட்டிவிட்டியை ஒரு குறியீட்டு எண்ணாகப் பகிரும் வசதி விளையாட்டிலேயே இலவசமாக இருக்கிறது. வேறொருவருடைய எண்கள் அவருடைய திரை அளவுக்கும் ஃபிரேம் ரேட்டுக்கும் (விளையாட்டு நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்பது) விரலுக்கும் அமைந்தவை. உங்களுக்கு அது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். அதற்கு ஏன் காசு? செயலி ஏதாவது இறக்கச் சொன்னாலோ லாகின் கேட்டாலோ உடனே விலகிவிடுங்கள். பணத்தோடு கணக்கும் போய்விடும்.

கூலிங் ஃபேன் விஷயத்தில் நான் அவ்வளவு கறாராக இல்லை. கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் ஆடினால் எந்தப் போனும் சூடாகும். சூடானால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். ஆனால் முதலில் பின் கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டபடி ஆடாதீர்கள், பேட்டரி சேவரை அணையுங்கள். கிராஃபிக்ஸை 'ஸ்மூத்' என்று வைத்தால் பெரும்பாலும் இன்னும் உயர்ந்த ஃபிரேம் ரேட் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும். இதன் பிறகும் 20 நிமிடத்தில் திக்கினால் ஃபேன் வாங்குவதில் தவறில்லை. வியர்வைக் கைக்கு, விரலில் மாட்டும் உறையான ஃபிங்கர் ஸ்லீவ் நல்ல பொருள், விலையும் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இந்தப் பட்டியலிலேயே முதலில் அதைத்தான் சொல்வேன். டிரிக்கர் கடைசி. நான்கு விரல் பழகினால் அதே வேலை நடக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நீங்கள் திரும்பும்போதே காட்சி திக்கினால் குறை போனில். உங்கள் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, எதிரி மட்டும் குதித்துக் குதித்து நகர்கிறான் என்றால் குறை நெட்டில். அதை எந்த செட்டிங்ஸும் சரிசெய்யாது.

கேள்வி: பையனுக்கு 'கேமிங் போன்' வாங்கப் போகிறோம். விளம்பரத்தில் 120 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் என்று இரண்டு எண் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– இல்லத்தரசி, தாம்பரம்

பதில்: அம்மா, முதல் எண் திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது. 60 என்றால் 16.7 மில்லிநொடிக்கு ஒரு படம், 120 என்றால் 8.3 மில்லிநொடிக்கு ஒன்று. இரண்டாவது எண், விரல் எங்கே இருக்கிறது என்று திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை பார்க்கிறது என்பது. சில விளம்பரங்களில் இது ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். திரை 120 ஆக இருந்தாலும் விளையாட்டு அந்த வேகத்தில் ஓடும் என்று உறுதி இல்லை. எந்த மாடலுக்கு எவ்வளவு என்று விளையாட்டு நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. பையன் ஆடும் விளையாட்டைக் கடையிலுள்ள டெமோ போனில் திறந்து, ஃபிரேம் ரேட் எதுவரை போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் கைரோஸ்கோப். போனைச் சாய்த்தே குறியை நகர்த்த உதவும் சென்சார் அது. விலை குறைந்த சில போன்களில் இது இருப்பதில்லை. விவரப் பட்டியலில் கைரோஸ்கோப் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'விர்ச்சுவல்' என்று முன்னால் ஒட்டியிருந்தால் அது தனி சென்சார் அல்ல, யோசியுங்கள்.

கேள்வி: கூலிங் ஃபேன் வாங்கிய நான்காம் நாளே நின்றுவிட்டது. கடைக்காரர் பில் தரவில்லை, திரும்ப வாங்கவும் மறுக்கிறார்.
– வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். ஜிபே, போன்பே எதில் கொடுத்திருந்தாலும் அந்தப் பரிவர்த்தனையின் ஸ்க்ரீன்ஷாட் உங்களுக்கு ஆதாரம். ஃபேன் சுற்றாமல் நிற்பதை, பெட்டியும் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.