பிரஷர் மாத்திரையால் கால் வீங்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. இரண்டு வருடங்களாக அம்லோடிபைன் 5 மி.கி. எடுத்துவந்தார். பிரஷர் 160/100 இருந்ததால் மூன்று மாதங்களுக்கு முன்பு 10 மி.கி. ஆக்கினார்கள். இப்போது சாயங்காலம் ஆனால் இரண்டு பாதமும் வீங்கிவிடுகிறது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. மெட்டி இறுகிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, 'கிட்னி போச்சு' என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார். வேறொரு டாக்டர் நீர் மாத்திரை கொடுத்தார். இரவில் நான்கு முறை எழுந்து போகிறார், காலையில் தலை சுற்றுகிறது, வீக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. முட்டி வலிக்கு எப்போதாவது மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவார். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த வாரமே, மாத்திரையை 10 மி.கி. ஆக்கிய டாக்டரிடம் அம்மாவை அழைத்துப் போங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், 'கிட்னி போச்சு' என்பதைவிட 'மாத்திரையின் வேலை' என்பதற்கே வாய்ப்பு அதிகம். டோஸ் கூட்டிய பிறகு வந்தது, இரண்டு காலிலும் வந்தது, சாயங்காலம் கூடுகிறது. மூன்றும் அதைத்தான் காட்டுகின்றன.

அம்லோடிபைன் நல்ல மருந்து. விலை குறைவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். ரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்திப் பிரஷரைக் குறைக்கிறது. சிக்கல் என்னவென்றால், ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகளைத்தான் அது நன்றாக விரிக்கும். ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகளை அவ்வளவாக விரிக்காது. வயலுக்கு வரும் வாய்க்காலை அகலமாக வெட்டிவிட்டு வடிகாலை மட்டும் பழையபடியே விட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வயலில் தேங்கும். அம்மாவின் பாதத்தில் நடப்பது அதுதான். நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து தோலுக்கடியில் நிற்கிறது.

டோஸ் கூடக் கூட இது அதிகமாகும். மருந்துச் சோதனைகளில் 5 மி.கி. எடுத்தவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான் வீக்கம் வந்தது, 10 மி.கி.யில் அது 10, 11 பேர் ஆனது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல்.

சரி, நீர் மாத்திரை ஏன் கேட்கவில்லை? அம்மாவின் உடம்பில் மொத்தமாக நீர் அதிகமாகிவிடவில்லை. இருக்கும் நீர் தப்பான இடத்தில் நிற்கிறது. நீர் மாத்திரை ரத்தத்தில் இருக்கும் நீரையும் உப்பையும் வெளியேற்றும். பாதத்தில் நிற்பது அப்படியே இருக்கும். பலன்: இரவுத் தூக்கம் போய், சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, எழுந்து நின்றால் தலைசுற்றல். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது மருந்து என்று சீட்டு நீண்டுகொண்டே போவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்த டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அம்லோடிபைன் டோஸ் கூட்டிய விஷயம் அவருக்குச் சொல்லப்பட்டதா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் இந்தத் தலைசுற்றலோடு அம்மா நடுராத்திரி பாத்ரூமில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். எனவே நீர் மாத்திரையைத் தொடர்வதா என்று இன்றே போன் செய்து கேளுங்கள். படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் பிரஷர் பார்த்து, ரத்தத்தில் உப்புகளின் அளவையும் சோதிக்க வேண்டும்.

வீக்கத்தைக் குறைக்க டாக்டர் முன் சில வழிகள் உண்டு. அம்லோடிபைனை மறுபடி 5 மி.கி. ஆக்கி, கூடவே தெல்மிசார்ட்டான் போன்ற வேறு வகைப் பிரஷர் மாத்திரை ஒன்றைச் சேர்க்கலாம். அது சிரையையும் விரிப்பதால் வடிகாலும் திறக்கிறது. பிரஷரும் கட்டுக்குள் இருக்கும். அல்லது வீக்கம் குறைவாகத் தரும் சில்னிடிபைனுக்கு மாற்றலாம். எது அம்மாவுக்குப் பொருந்தும் என்பதை, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

நீங்களாக நிறுத்தினால் ஒரு வேடிக்கை நடக்கும். இந்த மருந்து உடம்பில் பாதி குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய மறுநாளும் பிரஷர் நன்றாகவே இருக்கும். 'பார்த்தீங்களா, மாத்திரையே தேவையில்லை' என்று அம்மா சொல்வார். அடுத்த வாரம் பழைய 160/100 சத்தமில்லாமல் திரும்பியிருக்கும். அதே காரணத்தால், டாக்டர் மருந்தை மாற்றிய பிறகும் வீக்கம் மறுநாளே வடியாது. ஓரிரு வாரமாவது பொறுங்கள்.

அப்புறம் அந்த முட்டி வலி மாத்திரை. கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் கண் நிற்கிறது. டைக்ளோபெனாக், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். நீர் மாத்திரையோடு சேர்ந்தால் அந்தப் பாதிப்பு இன்னும் கூடும். அன்று 160 வந்ததற்கே அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்த அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை அதைப் போட வேண்டாம்.

மாத்திரைமேல் பழியைப் போடும்முன் சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், ஈ.சி.ஜி., தைராய்டு ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பதில் சொன்ன மாதிரி இருக்கும். காலையில் முகமும் கண்ணும் உப்புவது, சிறுநீர் நுரைத்துப் போவது இருந்தால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இடைப்பட்ட நாட்களில், உட்காரும்போது காலைத் தொங்கப்போடாமல் ஸ்டூலில் நீட்டி வைக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்தால் பிரஷருக்கு நல்லது. இந்த வீக்கம் அதனால் மட்டும் வடிந்துவிடாது. மெட்டியை இப்போதே, வீக்கம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில், சோப்பு போட்டுக் கழற்றிவிடுங்கள். 'சுமங்கலி, கழற்றக் கூடாது' என்று அம்மா மறுத்தால், நூலில் கட்டிக் கழுத்துச் சங்கிலியோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விரல் நீலமான பிறகு வந்தால் நாங்கள் வெட்டித்தான் எடுப்போம்.