வாடகைக்காரர் இருக்கும் கொண்டோவை ஊரிலிருந்தே விற்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள திருச்சிக்கு வந்துவிட்டோம். 2019ல் வாங்கிய தெம்பனிஸ் கொண்டோவை (தனியார் அடுக்குமாடி வீடு) இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டிருக்கிறோம். முடிய இன்னும் 13 மாதம் இருக்கிறது. வாங்க ஒருவர் வந்திருக்கிறார், அவருக்கே குடிவர வேண்டுமாம். "ஆப்ஷனில் (குறித்த விலைக்கு விற்பதாக வாங்குபவருக்குத் தரும் பத்திரம்) கையெழுத்துப் போடுங்கள், வாடகைக்காரரை இரண்டு மாத நோட்டீஸில் அனுப்பிவிடலாம்" என்கிறார் முகவர். தம்பிக்குப் பவர் கொடுத்தால் போதுமா?

பதில்: பவர் சின்ன விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன். முகவர் சொன்னதில்தான் சிக்கல்.

அவர் மனத்தில் வைத்திருப்பது 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' ஆக இருக்கும். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றலானாலோ, வழக்கமாக 12 மாதம் கழிந்தபின், இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம் என்பது அது. அந்த உரிமை வாடகைக்காரருடையது, உங்களுடையது அல்ல. 'என்பிளாக்' விதியும் உதவாது. கொண்டோ வளாகம் முழுவதும் கூட்டாக விற்கப்பட்டால்தான் அது பொருந்தும். ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். "உரிமையாளர் விற்றால் ஒப்பந்தத்தை முடிக்கலாம்" என்று தனியாக எழுதியிருந்தால் ஒழிய, 13 மாதமும் வாடகைக்காரர் இருக்கலாம். ஏழு ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தம், ஆள் வீட்டில் குடியிருக்கும்வரை, நிலப் பதிவேட்டில் ஏறாவிட்டாலும் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்.

ஆக, "வீட்டைக் காலியாக ஒப்படைப்பேன்" என்று ஆப்ஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் நகர மறுத்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். வாங்குபவர் நஷ்டஈடு கேட்பார். முகவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை!

வாடகைக்காரரோடு சேர்த்து விற்பதுதான் சட்டப்படி எளிய வழி. ஆனால் உங்களுக்கு வந்தவர் குடிவர விரும்புகிறார், முதலீட்டுக்கு வாங்குபவர்களோ குறைவு. குடிமகனே ஆனாலும் இரண்டாம் வீட்டுக்கு 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டும், வெளிநாட்டவர் என்றால் 60. அப்படி ஒருவர் கிடைத்தால், வாடகைக்காரர் கொடுத்த வைப்புத்தொகை வாங்குபவர் கணக்குக்கு மாறுவதையும், அந்த மாத வாடகையை எந்தத் தேதியில் பிரித்துக்கொள்வது என்பதையும் எழுத்தில் வையுங்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிய சான்றிதழும் கையில் இருக்கட்டும். வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார்.

இந்த ஆளுக்கே விற்பதென்றால், வாடகைக்காரரோடு பேசித்தான் தீர வேண்டும். இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுப்பதோ, வீடு மாறும் செலவை ஏற்பதோ அவரை இசைய வைக்கலாம். அவர் இசைந்தால் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: எந்தத் தேதியில் சாவி தருவார், எவ்வளவு பணம், வைப்புத்தொகை எப்போது திரும்பும். பணத்தைச் சாவி கைக்கு வந்தபின் கொடுங்கள். "சரி, போயிடறேன்" என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஆப்ஷன் கொடுக்காதீர்கள். ஆப்ஷன் கொடுத்ததிலிருந்து விற்பனை முடிய பொதுவாக இரண்டரை மூன்று மாதம் ஆகும். அவர் காலி செய்யும் நாள் அதற்குள், சில வாரம் மிச்சம் இருக்கும்படி விழ வேண்டும்.

இனி பவர். வீடு இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கொடுக்க வேண்டும். நோட்டரி முன்போ, சென்னையில் உள்ள சிங்கப்பூர்த் துணைத் தூதரக அதிகாரி முன்போ கையெழுத்திடலாம். நோட்டரி வழி என்றால் இந்திய வெளியுறவு அமைச்சின் அப்போஸ்டிலும் (வெளிநாட்டில் செல்லும்படி தரும் சான்று) வாங்கிவிடுங்கள். பிறகு அது இங்கே சிங்கப்பூர் உச்ச நீதிமன்றப் பதிவகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். இந்த வீட்டை விற்பதற்கு மட்டும் என்று அதிகாரத்தைச் சுருக்கி எழுதுங்கள். பணம் வாங்கும் அதிகாரம் தம்பிக்குத் தேவையில்லை. உங்கள் கணக்குக்கே வரட்டும். தம்பியைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை, அவரையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்குத்தான். உண்மையில் அவசரம் இல்லையென்றால் பவரே வேண்டாம் என்பேன். பத்திரங்களை உங்கள் வழக்கறிஞர் கூரியரில் அனுப்பினால் அங்கேயே முறைப்படி கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பலாம்.

வாங்கிச் சில ஆண்டுகளுக்குள் விற்றால் கட்ட வேண்டிய விற்பனையாளர் முத்திரை வரி, 2019ல் வாங்கியதால் உங்களுக்கு இல்லை. வீடு வாங்க மத்திய சேம நிதியிலிருந்து (சிபிஎஃப்) எடுத்த பணம் வட்டியோடு அந்தக் கணக்குக்கே திரும்பும் என்பதால், கைக்கு வருவது நீங்கள் நினைப்பதைவிடக் குறையும்.

சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி கிடையாது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நீங்கள் இருப்பது திருச்சியில். இந்திய வரிச் சட்டத்தின்படி முழு 'ரெசிடென்ட்' ஆகிவிட்டால், சிங்கப்பூர் வீட்டில் வந்த லாபத்தையும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். ஊர் திரும்பியவர்களுக்குத் தொடக்கத்தில் சில ஆண்டுகள் சலுகை நிலை கிடைக்கலாம். விற்பனை மார்ச் 31க்கு முன் முடிகிறதா பின்பா என்பதே உங்கள் வரியை மாற்றிவிடக்கூடும். ஆப்ஷனில் தேதி போடும் முன் திருச்சியில் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.