கேஸை விலைக்குக் கேட்கிறார்கள், எழுதிக் கொடுக்கலாமா?

கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டைல்ஸ் வேலை பார்த்து மாதம் 15,000 ரூபாய் போல சம்பாதித்த என் கணவர், மூன்று வருடத்துக்கு முன்பு லாரி மோதி இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 38. நான், இரண்டு பிள்ளைகள், மாமியார் நான்கு பேரும் நஷ்டஈடு கேட்டு எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனு) போட்டிருக்கிறோம். சாட்சி விசாரணையே இன்னும் முடியவில்லை. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், 'கேஸை எனக்கு எழுதிக் கொடுத்துடுங்கக்கா, இப்பவே ஆறு லட்சம் தர்றேன், பின்னாடி எவ்வளவு வந்தாலும் அது என்னோடது' என்கிறார். அதற்கு மனமில்லை என்றால் இனி ஆகும் செலவெல்லாம் தானே பார்ப்பதாகவும், வருவதில் பாதி தனக்கு வேண்டும் என்றும் சொல்கிறார். முன்பணம் 20,000 கொடுத்துவிட்டு, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றை வாங்கிப் போயிருக்கிறார். மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும். என்ன செய்வது?"

எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. இனி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் நடத்துகிற வழக்கு விற்கக்கூடிய பொருளே அல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 6-வது பிரிவில், வழக்குத் தொடரும் வெறும் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்று சொல்கிறது. கணவர் இறந்ததற்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை உங்கள் குடும்பத்துக்கு உள்ளது. எவ்வளவு என்று தீர்ப்பாயம் முடிவு செய்யும்வரை அது கேட்கும் உரிமைதான், கைக்கு வரவேண்டிய கடன் அல்ல. அதை ஒரு வெளியாள் விலைக்கு வாங்கி, உங்கள் இடத்தில் போய் உட்கார முடியாது.

உங்கள் வழக்கில் இன்னொரு தடையும் இருக்கிறது. பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கை விற்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது. தாயாகவே இருந்தாலும், மைனருக்காக வழக்கில் சமரசம் பேச நீதிமன்ற அனுமதி வேண்டும். அவர்கள் பங்குத் தொகையைத் தீர்ப்பாயம் பொதுவாக வங்கியில் டெபாசிட் செய்துவிடும், 18 வயதுவரை தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் யாரும் தொட முடியாது. மாமியாரின் பங்கு மாமியாருடையது. முழுக் கேஸையும் எழுதிக் கேட்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

தெரிந்தும் ஏன் ஆறு லட்சம் தருகிறேன் என்கிறார்? அவர் குறி வைப்பது கேஸை அல்ல, உங்கள் கையெழுத்தை. இந்த வேலை நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். முதலில் முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம். அதில் 'வழக்கை விற்கிறேன்' என்று இருக்காது. 'குடும்பச் செலவுக்காக இன்ன தொகையைக் கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கும். தொகை எழுதும் இடம் காலியாக இருக்கும். கூடவே நிரப்பாத புரோ நோட் ஒன்று, செக் இரண்டு மூன்று. அடுத்து உங்களையே வங்கிக்கு அழைத்துப்போய்ப் புதுக் கணக்கு தொடங்க வைப்பார்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, ஓடிபி வருகிற சிம் எல்லாம் அவர்களிடம் போய்விடும். இப்போதெல்லாம் நஷ்டஈடு நேரடியாக மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே போகிறது அல்லவா? அந்தப் பாதுகாப்பை உடைக்கத்தான் இந்த ஏற்பாடு. தீர்ப்பு வந்து பணம் விழுந்ததும் அவர் எடுத்துக்கொள்வார். நீங்கள் எதிர்த்துப் பேசினால், செக்கில் பத்து லட்சம் என்று எழுதி வங்கியில் போடுவார். நீங்கள் நியாயம் கேட்கப் போன இடத்தில் கடன்காரியாக நிற்பீர்கள். கணவரை இழந்த பெண்களைத் தேடிப் பிடித்து இதைச் செய்கிறார்கள் என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

அவர் சொல்லும் விலையை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், 40 வயதுக்குக் கீழ் சொந்தமாகத் தொழில் செய்தவருக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். அது 21,000. வருடத்துக்கு 2,52,000. சார்ந்திருப்பவர்கள் நான்கு பேர் என்பதால், அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழியும், மீதி 1,89,000. 38 வயதுக்குப் பெருக்கும் எண் 15. மொத்தம் 28,35,000 ரூபாய். ஈமச் சடங்குச் செலவு போன்ற சில தொகைகள் இதற்கு மேல் தனி. மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. விபத்து நடந்த கையோடு மனுப் போட்டிருந்து, நம் ஊர்த் தீர்ப்பாயங்கள் வழக்கமாகத் தரும் ஏழரை சதவீதம் என்று வைத்தால், மூன்று வருட வட்டி மட்டுமே 6,37,000-க்கு மேல். அவர் முழு வழக்குக்கும் பேசுகிற விலை, இதுவரை ஏறிய வட்டிக்குக்கூடக் காணாது! உங்கள் கணவர் பக்கமும் ஓரளவு தவறு உண்டு என்று நிரூபித்தாலோ, வருமானத்தைக் குறைத்துப் போட்டாலோ இந்தத் தொகை இறங்கும். அதனால் அவர் எங்கே வேலை செய்தார், யார் கூலி கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு மேஸ்திரியையோ வீட்டு உரிமையாளரையோ சாட்சி சொல்ல வையுங்கள். வழக்கின் விலை அந்தச் சாட்சியில்தான் இருக்கிறது.

நீங்கள் மறுத்ததும் அவர் ஒரு வாதம் வைப்பார்: "கோர்ட் டிகிரியையே (தீர்ப்பாணையையே) விக்கிறாங்க வாங்குறாங்க, இது என்ன பெரிசு?" அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவருக்கு வரவேண்டிய கடனை விற்கலாம். சரக்குக் கொடுத்த வியாபாரிக்கு இரண்டு லட்சம் பாக்கி என்றால், அந்தப் பாக்கியை வசூலிக்கும் உரிமையை அவர் எழுத்து மூலம், கையெழுத்திட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். கடன்பட்டவருக்கு எழுத்தில் அறிவிப்பும் கொடுத்துவிட வேண்டும். பணத்துக்காகப் போட்ட சிவில் வழக்கில் டிகிரி ஆகிவிட்டால், அந்த டிகிரியையும் மாற்றலாம். வாங்கியவர் நிறைவேற்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். விற்றவருக்கும் பணம் தர வேண்டியவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். அவர்கள் ஆட்சேபணையைக் கேட்ட பிறகுதான் நிறைவேற்றம் நடக்கும். விற்றவர் மேல் கடன்பட்டவருக்கு ஏதாவது நியாயமான எதிர்க்கோரிக்கை இருந்தால், அது வாங்கியவர் தலையிலும் வந்து விழும். இதிலெல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு: தொகை ஏற்கெனவே முடிவாகிவிட்டது, யார் யாருக்குத் தர வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது. உங்கள் வழக்கில் இரண்டும் முடிவாகவில்லை. அப்படியே நாளை தீர்ப்பாகிவிட்டாலும், பணம் தர வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. அது ஓடி ஒளியாது. 30 நாளில் கட்ட வேண்டும் என்பது சட்டம்; மேல்முறையீடு என்று போனாலும் ஒரு பகுதியைக் கட்டித்தான் போக முடியும். அந்த நிலையில் தீர்ப்பை யாருக்கும் பாதி விலைக்கு விற்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வராது.

இனி அவருடைய இரண்டாவது பேச்சு, செலவு அவருடையது, பாதி அவருக்கு. இது முதலாவதைப் போல அடியோடு செல்லாதது அல்ல. 1876-லேயே, அப்போது இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், வழக்குக்குப் பணம் கொடுத்து உதவிவிட்டு வருவதில் பங்கு கேட்பது இந்தியாவில் அதனாலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது என்று சொன்னது. ஆனால் உதவி என்ற பெயரில் ஏழையைக் கசக்கிப் பிழிகிற ஒப்பந்தத்தை நீதிமன்றம் அமல்படுத்தாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றமும், வக்கீல் அல்லாத மூன்றாம் நபர் வழக்குக்குப் பணம் போடத் தடை இல்லை என்று குறிப்பிட்டது. அதற்கு மேல் என்ன இருக்கிறது? இப்படிப் பணம் போடுகிறவர் பதிவு செய்ய வேண்டும், இத்தனை சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ஒரு மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை. நூற்றைம்பது வருடமாக ஒரு பழைய தீர்ப்பை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். கோடிக்கணக்கில் வழக்காடும் கம்பெனிகள் தங்கள் வக்கீலை வைத்து ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ளும். உங்களுக்காக யார் படிப்பார்கள்?

செலவு என்று அவர் எதைச் சொல்கிறார் என்றும் கேளுங்கள். மனு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. மீதி இருப்பது சாட்சியும் வாதமும். அதற்குப் பாதித் தொகை, அதாவது என் கணக்குப்படி 14 லட்சத்துக்கு மேல், எந்த நியாயத்திலும் வராது.

அவருக்குப் பின்னால் யார் என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒரு வக்கீல் பின்னால் இருந்தால் விஷயமே வேறு. வருவதில் பங்கு கேட்பதும், வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், வழக்குக்காகக் கட்சிக்காரருக்குக் கடன் கொடுப்பதும் வக்கீலுக்குக் கூடாது என்று, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு கிட்டத்தட்ட உங்களுடையது போன்றது. அதில் முறையிட்ட பெண்ணும் கணவரை விபத்தில் பறிகொடுத்தவர். ஏற்கெனவே 10 லட்சம் கட்டணம் கொடுத்த பிறகும், 3 லட்சத்துக்கு இன்னொரு செக்கில் கையெழுத்து வாங்கிவிட்டார் வக்கீல் என்பது அவர் முறையீடு. அந்த செக் திரும்பியதும் அந்தப் பெண் மேல் கிரிமினல் வழக்குப் பாய்ந்தது. நஷ்டஈட்டில் சதவீதம் கேட்பது தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லி, அந்த செக் வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் எம்.சி.ஓ.பி. வழக்குகளில் சதவீதப் பேச்சு நின்றபாடில்லை. கோர்ட் வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது, தடுக்க வேண்டியவர்கள் உட்பட.

இந்த வியாபாரத்துக்கு உரம் போடுவதே தாமதம்தான். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் வாய்தா கேட்பார், கொடுப்பார்கள். நீதிபதி மாற்றலாகிப் போவார், புதியவர் வரும்வரை கோப்பு கிடக்கும். ஒரு சாட்சிக்குச் சம்மன் போக மாதக்கணக்கு ஆகும். வாழ்வாதாரத்துக்கு வழி செய்வதற்காகவே கொண்டுவந்த சட்டத்தில், மூன்று வருடத்தில் விசாரணைகூட முடியவில்லை என்றால், கையில் ரொக்கத்தோடு வருகிறவன் தெய்வமாகத்தான் தெரிவான். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பணமில்லாமல் வழக்கு நடத்த வழி இருக்கிறது. பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இப்போதிருக்கும் வக்கீல் மேல் நம்பிக்கை இல்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். கட்டண பாக்கி என்று சொல்லி வழக்குக் கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் வழக்கை லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனி முதலில் குறைவாகத்தான் பேசும். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு அப்புறம் மேல்முறையீடு இல்லை என்பதால், அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு மகள் பெயரில் கல்விக் கடன் கேளுங்கள். வழக்கை அதனோடு முடிச்சுப் போடாதீர்கள்.

இப்போது அந்த செக். தொகை எழுதாத செக்காக இருந்தாலும், கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும்; இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே இந்த வாரமே அந்த 20,000-ஐ எப்படியாவது புரட்டி, ரொக்கமாக இல்லாமல், அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அன்றே ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள்: இன்ன தேதியில் வாங்கிய 20,000-ஐத் திருப்பிவிட்டேன், வழக்கை விற்கவோ பங்கு தரவோ சம்மதமில்லை, இன்ன நம்பர் செக்கைத் திருப்பித் தரவும். கடித நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். வங்கியில் அந்த செக்குக்கு ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுங்கள். அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், நிறுத்தி வைத்த செக்குக்கும் வழக்குப் போட முடியும். மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வட்டிக் கணக்குச் சொல்லி மிரட்டினால், 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டத்தையும் புகாரில் குறிப்பிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அவர் செக்கை வங்கியில் போட்டால், அது திரும்பிய 30 நாளுக்குள் உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார். பயந்துபோய்த் தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். திருப்பினாலும் கிடைத்ததாகவே கணக்கு. வாங்கி, உறையோடு எடுத்துக்கொண்டு சட்ட உதவி வக்கீலிடம் அன்றே போங்கள். உங்களுக்கு இருப்பது 15 நாள். அதற்குள் உங்கள் கடிதம், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம் இரண்டையும் சேர்த்துப் பதில் போக வேண்டும்.